ஓட்டம் முடிந்த பிறகு: கிண்டிக் குதிரைகளும் வாதுவர் கலையும்

சென்னை ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி ஒரு சிலை உண்டு. முன்னங்கால்களைத் தூக்கித் திமிறும் குதிரை ஒன்றைக் கட்டுடல் வாய்ந்த மனிதன் ஒருவன் இழுத்துப் பிடித்து அடக்குகிறான். தியாகராய நகருக்கும் மயிலாப்பூருக்கும் அவ்வழியே நாள்தோறும் சென்று திரும்பும் நம்மில் எத்தனை பேர் அது ஏன் அங்கே நிற்கிறது என்று எண்ணிப் பார்த்திருப்போம்? 1974ஆம் ஆண்டு தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியதன் நினைவாக எழுந்தது அச்சிலை என்று நகர வரலாறு எழுதுவோர் குறிப்பிடுகின்றனர்.

சிலையில் குதிரை நின்றுவிட்டது. வரலாற்றிலோ பந்தயம் நிற்கவில்லை; வழக்குகளின் துணையோடு மேலும் ஐம்பது ஆண்டுகள் ஓடியது. ஆனால், இக்கட்டுரைக்கான செய்திகளைத் திரட்டத் தொடங்கியபோது எங்கள் மனத்தில் எழுந்த வினா பந்தயத்தைப் பற்றியதன்று, குதிரையைப் பற்றியது. ஓடும்வரை ஆயிரக்கணக்கான கண்கள் அதன்மேல் இருக்கின்றன. ஓட்டம் முடிந்த மறுநாள் அது எங்கே போகிறது? ஓடுவதற்கென்றே பிறந்து, ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட ஒரு விலங்கை, ஒரு மனிதனைச் சுமந்து அமைதியாக நடக்கும் விலங்காக மாற்றுவது எப்படி? இவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டால் கிண்டியில் தொடங்கிப் பழைய காயல்வரை போக வேண்டியிருக்கிறது. வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

கடல்வழி வந்த புரவி

குதிரை தமிழ் மண்ணுக்கு உரிய விலங்கன்று. ஆனால், தமிழ் இலக்கியத்துக்கு அது என்றுமே அந்நியமாக இருந்ததில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல்வழியாகக் குதிரைகள் வந்து இறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை பதிவு செய்கிறது. கடையெழு வள்ளல்களுள் இருவர் குதிரையின் பெயரோடு பிணைக்கப்பட்டவர்கள். மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். ஏறுபவனுக்கும் சுமப்பதற்கும் ஒரே பெயர் வழங்கிய நாடு இது!

இடைக்காலத்தில் இவ்வணிகம் பெருகியது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'குதிரைச் செட்டி' என்னும் பெயரைக் காண்கிறோம். மலைமண்டலத்திலிருந்து வந்து தமிழகக் கோயில்களுக்குக் கொடையளித்த குதிரை வணிகர்கள் இவர்கள். 'இராவுத்தர்' என்னும் சொல்லும் குதிரை வீரத்தோடும் குதிரை வணிகத்தோடும் தொடர்புடையதே. அருணகிரிநாதர் முருகனையே 'ராவுத்தன்' என்று அழைக்கிறார் என்றால் அச்சொல்லுக்கு அக்காலத்தில் இருந்த மதிப்பை உணரலாம். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய கருவூலப் பணத்தைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவழித்த அமைச்சர் மாணிக்கவாசகரின் கதையை நாம் அனைவரும் அறிவோம். நரி பரியான அந்தத் திருவிளையாடலை ஒரு வரலாற்று மாணவன் வேறொரு கோணத்திலும் பார்க்கலாம். ஓர் அரசின் கருவூலத்தையே அசைக்கும் அளவுக்குக் குதிரைக்குச் செலவு இருந்தது என்பதற்கு அக்கதை சான்று.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோவும், அடுத்த தலைமுறையில் பாரசீக மொழியில் வரலாறு எழுதிய வஸ்ஸாஃபும் இச்செலவைப் பற்றி வியந்து எழுதியுள்ளனர். பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் பத்தாயிரம் குதிரைகள்வரை இப்பகுதிக்கு வந்தன என்பது வஸ்ஸாஃப் தரும் கணக்கு. ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது என்கிறார் அவர்.

இத்தனை குதிரைகள் ஏன் தேவைப்பட்டன? வந்தவை நெடுநாள் உயிரோடு இருக்கவில்லை என்பதுதான் காரணம். குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்தார்கள். குதிரை மருத்துவம் அறிந்தவர்கள் இங்கே வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்றெல்லாம் இவ்வயல்நாட்டார் எழுதுகின்றனர். இதில் மிகை இருக்கலாம். ஆயினும் அடிப்படை உண்மையை மறுப்பதற்கில்லை. வெப்பமும் ஈரமும் நிறைந்த கடற்கரை நிலம் குதிரைக்கு உகந்ததன்று. நல்ல மேய்ச்சற்புல்லும் இங்கே குறைவு. பொன் கொடுத்து வாங்கத் தெரிந்த நாம், வாங்கியதைப் பேணுவதில் பின்தங்கினோம். இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இது மீண்டும் நம்மைச் சந்திக்கும்.

பழக்குதல் என்னும் கலை

பேணுவதில் குறையிருந்தாலும் பழக்குவதில் தமிழுக்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. குதிரையைப் பழக்குபவன் வாதுவன். அது நிற்குமிடம் பந்தி, பிற்காலத்தில் இலாயம். முதுகிலிடுவது சேணம், கலணை. வாயிலிடுவது கலினம், கடிவாளம். காலை ஊன்றுவது அங்கவடி. சம்மட்டியைச் சங்க இலக்கியம் மத்திகை என்கிறது. குதிரையின் நடைகளை ஐந்து கதி என்றும், வட்டமிட்டுத் திரியும் ஓட்டங்களைப் பதினெட்டுச் சாரி என்றும் பகுத்தனர் முன்னோர். குதிரையை உலவவிட்டுப் பயிற்றுவதற்கு வையாளி என்று பெயர். திருவரங்கத்தில் நம்பெருமாள் குதிரை வாகனத்தில் எழுந்தருளி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விரைந்து வரும் சேவையை இன்றும் வையாளி என்றே அழைக்கிறார்கள். வாகனத்தைத் தோளில் சுமப்போரின் கால்களில் ஒரு பழைய பயிற்சிக்களத்தின் நினைவு மிஞ்சியிருக்கிறது!

வடமொழி மரபில் இக்கலைக்குத் தலைவன் நகுலன். விராடனின் அரண்மனையில் மறைந்து வாழ்ந்த ஆண்டில் அவன் ஏற்றது குதிரை காக்கும் பணியே. வில்லிபாரதம் அவனுக்குத் தாமக்கிரந்தி என்று பெயர் தருகிறது. அவன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் ஓவியங்களோடு பதிப்பித்துள்ளது.

அடங்காத குதிரையை அடக்கிய கதை என்றால் தமிழர்க்கு உடனே நினைவுக்கு வருபவன் தேசிங்கு ராஜன். செஞ்சிக் கோட்டையை ஆண்ட சொரூப் சிங்கின் மகன் தேஜ் சிங். 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு பொருது இளம் வயதில் மாண்டவன். அவனைப் பற்றிய கதைப்பாடல், தில்லிப் பாதுஷாவிடம் இருந்த, எவருக்கும் அடங்காத பாராசாரி என்னும் குதிரையை அவன் ஏறி அடக்கியதை விரிவாகப் பாடுகிறது. தில்லியில் அது நடந்ததா என்பதை வரலாற்றாசிரியர்கள் ஆராயட்டும். ஆனால் இதே கதை வேறொரு நாட்டிலும் வழங்குவதைப் பாருங்கள். மாசிடோனியாவில் பியூசிஃபலஸ் என்னும் குதிரைக்கு எவரும் அருகில் செல்ல முடியவில்லை. அது தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்பதைச் சிறுவன் அலெக்சாந்தர் கவனித்தான், அதன் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பினான், தடவிக் கொடுத்தான், பின்னர் மெல்ல ஏறினான் என்கிறார் புளூடார்க். வலிமையால் அடக்கியதாக அவர் சொல்லவில்லை. அச்சத்தின் காரணத்தைக் கண்டுபிடித்து நீக்கியதாகச் சொல்கிறார். கதையாகவே இருக்கட்டும், வாதுவர் கலையின் முதற்பாடம் அதுதான்.

கிண்டியின் இருநூற்றைம்பது ஆண்டுகள்

இனி நம் நகருக்கு வருவோம். கிண்டியில் 1777ஆம் ஆண்டிலேயே பந்தயம் நடந்ததாகப் பதிவு உண்டு. ஐதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தடைபட்டுப் பின்னர் மீண்டும் தொடங்கியது. சென்னை ரேஸ் கிளப் முறையாக அமைந்தது 1896இல். 1945இல் ஏறத்தாழ 160 ஏக்கர் நிலம், ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா வாடகையில், 99 ஆண்டுக் குத்தகைக்கு அதற்கு அளிக்கப்பட்டது. குளிர்காலத்தில் கிண்டி, கோடையில் உதகை என்று குதிரைகளும் பயிற்சியாளர்களும் குதிரைக்காரர்களும் இடம்பெயர்ந்து வாழ்ந்தனர்.

பந்தயத்தால் அழிந்த குடும்பங்கள் பல. சம்பள நாளன்று கிண்டிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களின் கதைகள் அக்காலச் சென்னையில் வீட்டுக்கு வீடு உண்டு. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னால் இருந்த அறச்சீற்றத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் சட்டம் நீதிமன்றத்தில் தடைபட்டது. 1986இல் கிளப்பையே அரசு கையகப்படுத்த மற்றொரு சட்டம் வந்தது. இறுதியில் 1996 சனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டன்று, திறமை மேலோங்கிய விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. குதிரையின் மரபு, அதற்குத் தரப்படும் பயிற்சி, ஏறுபவனின் ஆற்றல் ஆகியவையே வெற்றியைத் தீர்மானிக்கின்றன என்பது அத்தீர்ப்பின் சாரம். வேறு சொற்களில் சொன்னால், பழக்குதல் ஒரு கலை என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

பந்தயத்தில் ஓடுவது தாரோபிரெட் என்னும் இனம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று கீழைநாட்டு ஆண் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை. பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன் என்பன அம்மூன்றின் பெயர்கள். பாண்டியன் பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளும் மேற்காசியக் குதிரைகளே. அவ்வகையில் கிண்டியில் ஓடியவை காயல்பட்டினத்தில் இறங்கியவற்றுக்குத் தொலைவுச் சுற்றம் என்று சொல்லலாம்.

இவ்வினக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலானவற்றின் ஓட்டம் ஏழெட்டு வயதுக்குள் முடிந்துவிடும். காயம்பட்டால் அதற்கும் முன்பே. ஆனால் நன்கு பேணினால் ஒரு குதிரை இருபத்தைந்து ஆண்டுகள் வாழும். அதாவது, பந்தயம் அதன் வாழ்வில் கால் பங்குதான். எஞ்சிய முக்கால் பங்குக்கு என்ன வழி?

தெரிந்ததும் தெரியாததும்

கொள் என்றால் வாய் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் வாய் மூடும் என்பது பழமொழி. ஓய்வுபெற்ற பந்தயக் குதிரையின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. கடிவாளத்தை அது நன்கு அறியும். ஆனால் தவறான பொருளில் அறியும்.

சவாரிக் குதிரைக்குக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் 'நில்' என்று பொருள். பந்தயக் குதிரையோ இழுத்துப் பிடித்த வாரின்மேல் சாய்ந்துகொண்டே ஓடப் பழகியது. எனவே பழக்கமில்லாத ஒருவர் அதன்மேல் ஏறி, அது விரைகிறதே என்று அஞ்சி மேலும் இறுக்கினால், அது மேலும் விரையும். குதிரை அடங்கவில்லை என்று அவர் நினைப்பார். சொன்னதைச் செய்கிறேனே என்று குதிரை நினைக்கும்.

அடுத்தது கால். தீவுத்திடலுக்கு அருகே 1839இல் நிறுவப்பட்ட சர் தாமஸ் மன்றோவின் சிலையில் அங்கவடியே இல்லை என்று ஊரார் இன்றும் வேடிக்கையாகப் பேசுவதுண்டு. பந்தய ஜாக்கிக்கோ அங்கவடி மிக உயரத்தில். முழங்கால் மடங்கி, முதுகில் அமராமல் காற்றில் குந்தியிருப்பான். ஆகவே இருபுறமும் நீண்டு தொங்கி விலாவை அணைக்கும் மனிதக் கால்களைப் பந்தயக் குதிரை அறிந்ததே இல்லை. முதன்முதல் அது படும்போது திடுக்கிடுகிறது. முதுகில் முழு எடையோடு ஒருவர் அமர்வதும் அதற்குப் புதிது. ஜாக்கியை ஒருவர் காலைப் பிடித்துத் தூக்கிவிட, அவன் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஏறிவிடுவது பந்தய வழக்கம். எனவே ஏறும்போது அசையாமல் நிற்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. தனியாகச் செல்லவும் தெரியாது. எப்போதும் கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்பியது அது.

தெரிந்தவையும் பல உண்டு. லாடம் கட்டுபவரிடம் காலைக் கொடுக்கத் தெரியும். குளிப்பாட்டினால் நிற்கும். வண்டியில் ஏறும். கூட்டத்தின் ஆரவாரம் பழகியது. குழந்தைப் பருவம் முதல் மனிதக் கைகளிலேயே வளர்ந்தது. வெறும் காட்டுக் குதிரையைப் பழக்குவதைவிட இது எளிது என்றும் சொல்லலாம், கடினம் என்றும் சொல்லலாம். எழுதாத பலகையில் எழுதுவது ஒன்று. எழுதியதை அழித்து எழுதுவது மற்றொன்று.

மறுபயிற்சியின் முதற்படி பயிற்சியே அன்று, ஓய்வு. பந்தய இலாயத்தில் நாளின் பெரும்பகுதியைக் கொட்டிலில் கழித்து, விடியலில் மட்டும் வெளியே வந்த உயிர் அது. ஓட்டத்துக்கென்று கொடுத்த ஓட்ஸ் போன்ற தானியங்களைப் படிப்படியாகக் குறைத்துப் புல்லையும் வைக்கோலையும் கூட்ட வேண்டும். குதிரையின் இரைப்பை ஓயாமல் அமிலம் சுரப்பது. இயற்கையில் அது நாளெல்லாம் சிறிது சிறிதாக மேயும். வேளை பார்த்துத் தானியம் உண்டு நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு நின்ற பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பதை மருத்துவர்கள் கண்டுள்ளனர். சேணம் இறுக்கும்போது கடிக்க வரும் குதிரையைக் 'கெட்ட குணம்' என்று அடிப்பவர்கள், அதன் வயிற்றைச் சோதிப்பதில்லை. முன்னங்காலின் பின்புறத் தசைநாண் கிழிந்திருந்தால் ஆறுவதற்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். பந்தயத்துக்கென்று அடித்த மெல்லிய அலுமினிய லாடத்தைக் கழற்றிக் குளம்பை வளரவிட வேண்டும். விதையடிக்காத ஆண் குதிரை என்றால் அதைச் செய்து, குணம் அமையச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

சென்னைக்கென்று தனியே ஓர் இடர் உண்டு. குதிரை மனிதனைப் போல வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ளும் விலங்கு. வெப்பமண்டலத்தின் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுவிடுகிறது. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த குதிரைகளிடம் ஆங்கிலேயர் காலத்திலேயே அறியப்பட்ட நோய் இது. வியர்க்காத குதிரையைச் சித்திரை வெயிலில் ஓட்டினால் அது சுருண்டு விழும். ஆகையால் இந்நகரில் பயிற்சி என்பது விடியலுக்கும் வெயில் ஏறுவதற்கும் இடையிலான சிறு பொழுதில் நடக்க வேண்டியது. மார்க்கோ போலோ காலத்துக் காற்றுதான் இன்றும் வீசுகிறது. நம் அறிவு மட்டுமே வளர்ந்திருக்கிறது.

பிறகு பாடம் தரையில் தொடங்குகிறது. மேலே ஏறுவதில்லை. நீண்ட கயிற்றில் பெரிய வட்டமாக நடக்க விடுகிறார்கள். இருபுறமும் மாறி மாறி. பந்தயப் பாதையின் வளைவு ஒரே பக்கமாகத் திரும்புவதால் உடல் ஒரு பக்கமாகவே இறுகியிருக்கும். சாரியில் இடசாரி, வலசாரி என்று முன்னோர் பிரித்ததன் பயன் இங்கே விளங்குகிறது. நில் என்றால் நிற்கவும், நட என்றால் நடக்கவும் குரலால் கற்பிக்கிறார்கள். நின்ற கணமே கயிறு தளர வேண்டும். அந்தத் தளர்வுதான் குதிரைக்குப் பரிசு. எது செய்தால் அழுத்தம் நீங்குகிறதோ அதை மீண்டும் செய்யும். வாதுவர் கலை முழுவதும் இவ்வொரு விதிக்குள் அடங்கும் என்றே சொல்லலாம். அழுத்தத்தைத் தரத் தெரிந்தவர் பலர். உரிய கணத்தில் விடத் தெரிந்தவரே வாதுவர்.

அதன்பின் ஏறு மேடை. அதன் அருகில் வந்து நின்றால் போதும், ஏறாமலே இறங்கிவிடுவார்கள். பல நாட்களுக்குப் பின் ஒருவர் வயிற்றைச் சேணத்தில் சாய்த்துப் பார்ப்பார், பின்னர் அமர்வார், உடனே நடக்கவிட மாட்டார். ஏறுவதும் புறப்படுவதும் வேறு வேறு என்பதைக் குதிரை கற்கும்வரை இது தொடரும். நடையும் பெருநடையும் அமைந்த பிறகே பாய்ச்சல். பாயத் தெரிந்த குதிரைக்கு நடக்கக் கற்பிப்பதுதான் இங்கே கடினம்! முதலில் வயதான, அமைதியான குதிரையோடு துணையாக வெளியே போகும். பின்னர் தனியாக. முழுப் பயிற்சிக்குப் பொதுவாக ஓராண்டு என்று கணக்கிடுவது மிகையாகாது.

கடற்கரையில் ஒரு காவலன்

இம்மறுபயிற்சி சென்னைக்குப் புதிதன்று. மெரினாவில் மாலைப்பொழுதில் ரோந்து செல்லும் சென்னைக் காவல்துறையின் குதிரைப்படையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். எழும்பூர்ப் பகுதியில் அதன் இலாயம். நிமிர்ந்த கழுத்தோடு கூட்டத்தின் நடுவே ஒதுங்கி நடக்கும் அக்குதிரைகளில் பல, ஒரு காலத்தில் கிண்டியில் ஓடியவை. ஓட்டம் முடிந்து காவல் பணிக்கு வந்தவை.

காவல் குதிரைக்குக் கூடுதல் பாடம் உண்டு. மேளம், வெடி, கொடி, வாகன ஒலி, முகத்துக்கு நேரே விரியும் குடை, காலடியில் பறக்கும் காகிதம் ஆகிய எல்லாவற்றையும் கண்டு ஓடாமல் நிற்க வேண்டும். ஆபத்து என்றால் ஓடு என்பது குதிரைக்கு இயற்கை சொல்லித்தந்த பாடம். மனிதனும் பந்தயத்தில் அதையே வளர்த்தான். இங்கே அதை மாற்ற வேண்டும். மேளத்தைத் தொலைவில் தட்டுகிறார்கள். குதிரை காதைத் தளர்த்தியதும் நிறுத்துகிறார்கள். மறுநாள் சற்று அருகில். ஒரே நாளில் காதருகே தட்டினால் என்றென்றைக்கும் மேளத்தை வெறுக்கும். கடற்கரை மணலுக்கும் ஒரு கணக்கு உண்டு. அலை நனைத்த இறுகிய மணல் காலுக்கு நல்லது. ஆழ்ந்த உலர் மணல் பழைய தசைநாண் காயத்தை மீண்டும் கிளறிவிடும்.

காவல்துறைக்கு வெளியே, கிண்டியை மையமாகக் கொண்ட போலோ மற்றும் சவாரிக் கழகமும், சென்னை ஈக்விடேஷன் சென்டர் போன்ற சவாரிப் பள்ளிகளும் முன்னாள் பந்தயக் குதிரைகளுக்கு மறுவாழ்வு தந்துள்ளன. ஆனால் எல்லாக் குதிரைக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. சில கைமாறிக் கைமாறித் திருமண ஊர்வலத்துக்கும், கடற்கரையில் குழந்தைகளை ஏற்றும் சவாரிக்கும் வந்து சேர்கின்றன. அதைத் தொழிலாகக் கொண்டவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. நாள் வருவாயில் தம் வயிற்றையும் குதிரையின் வயிற்றையும் நிரப்ப வேண்டியவர்கள் அவர்கள். ஓராண்டு ஓய்வும் பயிற்சியும் கொடுக்க அவர்களால் எப்படி இயலும்? மறுபயிற்சியின் செலவை, அக்குதிரையால் மிகக் குறைவாக ஈட்டியவரின் தலையில் சுமத்துகிறோம் என்பதே இங்குள்ள அநீதி.

யாருடைய கடன்?

இவ்வினாவுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய விடையொன்று இருக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாத்திரத்தில் குதிரைக் கண்காணிப்பாளர் பற்றிய பகுதியில், போராலும் நோயாலும் மூப்பாலும் பணிக்கு இயலாமற்போன குதிரைகளுக்கு அரசு உயிர்வாழப் போதிய உணவளிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. குதிரைக்கு ஓய்வூதியம்! இரக்கத்தைப் பற்றிப் பேசும் நூலன்று அது. வரவும் செலவும் எழுதும் நூல். அதிலேயே இது இடம்பெற்றது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. உழைப்பைப் பெற்றவரே முதுமையையும் ஏற்க வேண்டும் என்பது அங்கே கணக்கில் ஒரு வரி.

நவீன இந்தியாவில் இக்குரல் எழுந்தது அடையாற்றிலிருந்து. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் மாநிலங்களவை உறுப்பினராகி, விலங்குவதைத் தடுப்புக்கெனத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அம்முயற்சியே 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகமும் நெடுங்காலம் சென்னையிலேயே இயங்கியது. முதுமையாலோ நோயாலோ தகுதியிழந்த விலங்கை வேலை வாங்குவதும், பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவதும் அச்சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றங்கள். ஆனால் கைவிடுவதைத் தண்டிக்கும் சட்டம், கைவிடாதிருப்பதற்கான செலவை யார் ஏற்பது என்று சொல்லவில்லை. பிரிட்டனில் பந்தயத் துறையே 2000ஆம் ஆண்டில் முன்னாள் குதிரைகளின் மறுபயிற்சிக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவியது. ஓடவிட்டவர்கள் ஓய்வுக்கும் பொறுப்பு என்னும் கௌடில்யரின் கணக்கு அங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது.

இங்கே நடந்தது என்ன? 2024ஆம் ஆண்டு செப்டம்பரில், 730 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைப் பாக்கியைக் காட்டி, அரசு குத்தகையை நீக்கிக் கிண்டி நிலத்தைத் தன்வசம் எடுத்தது. வேளச்சேரிப் பகுதியின் வெள்ளத்தைத் தணிக்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. பூங்கா அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. வழக்குகள் தொடர்ந்தன. வெள்ளத்தில் மிதந்த நகருக்குக் குளமும் பூங்காவும் தேவை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. நிலத்தின் விலை, வாடகை, நீர், மரம் என்று எல்லாம் பேசப்பட்டன. அவ்விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்பட்டவை குதிரைகளும், தலைமுறை தலைமுறையாக அவற்றோடு வாழ்ந்த குதிரைக்காரர்களும், லாடம் கட்டுபவர்களும், பயிற்சியாளர்களுமே.

பந்தயம் வேண்டுமா வேண்டாமா என்பது ஒரு விவாதம். அதில் நண்பர்கள் எந்தப் பக்கத்திலும் நிற்கலாம். எங்கள் குழுவுக்குள்ளேயே இரு பக்கமும் உண்டு. ஆனால் பந்தயம் நீடித்தாலும் குதிரைகள் ஆண்டுதோறும் ஓய்வு பெறும். நின்றாலும் ஒரேயடியாக ஓய்வு பெறும். இரு நிலையிலும் மறுபயிற்சிக்கு ஓர் இடமும், அதற்கென ஒதுக்கிய பணமும், அதை அறிந்த கைகளும் வேண்டும். பரிசுத்தொகையில் சிறு பங்கு, ஒவ்வொரு குதிரையும் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்னும் பதிவேடு, குதிரைக்காரர்களின் அனுபவத்தை எழுத்தில் சேர்த்துவைக்கும் முயற்சி ஆகிய மூன்றும் இருந்தால்கூடப் பாதிக் கடன் தீரும். மூன்றாவதை நம்மைப் போன்ற ஆர்வலர்களே தொடங்கலாம். வாதுவன், மத்திகை, வையாளி என்னும் சொற்களை ஏடுகளிலிருந்து மீட்டெடுப்பதில் நாம் காட்டும் ஆர்வத்தில் ஒரு பகுதியை, இன்று உயிரோடிருக்கும் வாதுவர்களின் வாய்மொழிக்கும் கொடுத்தால் போதும்.

வாங்கத் தெரிந்தவர்கள், பேணத் தெரியாதவர்கள் என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டார் நம்மைப் பற்றி எழுதி வைத்தனர். அன்று நமக்கு அறிவு இல்லை. அதைக் கற்பிக்க வணிகர்கள் விடவில்லை. இன்று அறிவு இருக்கிறது. கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் 1903 முதல் இருக்கிறது. கலை தெரிந்தவர்கள் இந்நகரிலேயே இருக்கிறார்கள். இனியும் பேணாவிட்டால் அதற்குக் கால நிலையைக் காரணம் காட்ட முடியாது.